சண்டு குடிப்பவர் எத்தனை பேர்

என் கணவரைச் சயாமுக்கு அனுப்பியவர் ஜப்பான்காரர் அல்லர். காஜா பெராங் பகுதியில் எங்கள் எதிர்வீட்டில் இருந்த தமிழர். எங்கள் வரிசை வீடுகளுக்கு அவரைத்தான் ஜப்பான்காரர்கள் தலைவராக வைத்திருந்தார்கள். கையில் ஒரு பட்டை கட்டியிருப்பார். ரயில் பாதை போட ஆள் கேட்டபோது என் கணவரின் பெயரை எழுதிக் கொடுத்தார். திடலில் லோரி நின்றது. பெயரோடு காரணத்தையும் எல்லார் முன்னாலும் வாசித்தார்கள்: சண்டு குடித்துவிட்டு வேலைவெட்டி இல்லாமல் திரிபவன்.

சண்டு என்றால் குழலில் வைத்துப் புகைக்கும் அபின். என் கணவர் சுருட்டுகூடப் பிடித்ததில்லை. பசாரில் மூட்டை தூக்கியவர். லோரியில் ஏறும்போது, "நான் குடிக்கிறவன் இல்லைன்னு நீயாவது சொல்லு" என்று என்னிடம் கேட்டார். யாரிடம் சொல்வது? சொல்லவில்லை.

சில மாதங்கள் கழித்து எனக்கு ஒரு வேலை கிடைத்தது. தமிழும் மலாயும் எழுதத் தெரியும் என்பதால் நகர அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பகுதியிலும் சண்டு குடிப்பவர் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க வேண்டும். முதலில் எண்ணிக்கை, பிறகு பெயர்கள். எதற்கென்று அங்கே எழுத்து வேலை பார்த்த மூத்த கிராணி சொல்லவில்லை. அவர் நகரத்தில் பழைய கடைக் குடும்பத்தைச் சேர்ந்த தமிழ் முஸ்லிம், அதிகம் பேசாதவர். எதற்கென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த லோரிக்குத்தான்.

முதல் வாரம் வீடு வீடாகப் போய், "உங்கள் வீட்டில் யாராவது குடிப்பார்களா?" என்று கேட்டேன். ஒரு வீட்டிலும் இல்லை. ஆனால் எங்கள் சந்துக்குள் நுழைந்தாலே அந்தப் புகையின் கருகிய இனிப்பு வாடை மூக்கில் ஏறும். செட்டி வீட்டுப் பெண் ஒருத்தி, பல தலைமுறையாக மலாயே பேசும் குடும்பம், தமிழ் தெரியாதவள், தலையை ஆட்டிவிட்டு முகவாயால் பக்கத்து வீட்டைக் காட்டினாள். "செபெலா" என்றாள். பக்கத்தில்தான் என்று பொருள். அந்த வீட்டுக்காரி அதற்கடுத்த வீட்டைக் காட்டினாள்.

அதற்குப் பிறகு என் கேள்வியை மாற்றிக்கொண்டேன். உங்கள் வீட்டை விடுங்கள், இந்தப் பக்கத்து வீட்டில் எத்தனை பேர், அந்தப் பக்கத்து வீட்டில் எத்தனை பேர்? எல்லாருக்கும் வாய் திறந்தது. ஒரே ஆளை இரண்டு பக்கத்துக்காரர்களும் சொல்வார்கள் என்பதால் வந்ததைப் பாதியாக்கினேன். குழலில் எரிந்து மிஞ்சும் கசடை வாங்கிப் போக ஒரு சீனக் கிழவி வருவாள். அவளையும் கேட்டேன். அவள் ஏறி இறங்கும் வாசல்களும் என் எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. முப்பதை ஒட்டி வந்தது.

அந்த முப்பதில் எதிர்வீடும் இருந்தது. இரண்டு பக்கத்துக்காரர்களும் சொன்னார்கள். கிழவியும் சொன்னாள்: பின்வாசலில், வாரம் தவறாமல்.

என் கணவரின் பேரில் எழுதியதெல்லாம் எதிர்வீட்டுக்காரரின் சொந்தக் கதை. அன்று அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். லோரி போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

முப்பது பேரையும் எழுதியிருந்தால் முப்பது பெண்கள் என்னைப்போல ஆகியிருப்பார்கள். அதனால் ஐந்து பேர் என்று எழுதினேன். ஐந்து பெயர்களும் கொடுத்தேன். எதிர்வீட்டுக்காரரின் பெயருக்கு நேரே, அவர் என் கணவருக்கு எழுதிய அதே வார்த்தைகளை எழுதினேன்.

கிராணி தாளை வாங்கிப் படித்தார்.

"இதுல நாலு பேரு செத்துப்போனவங்கம்மா."

"ஆமாங்க."

"அஞ்சாவது ஆளு?"

"உயிரோட இருக்காரு."

அவர் முத்திரை குத்தினார்.

லோரி வந்தது. எதிர்வீட்டுக்காரரின் கைப்பட்டையைக் கழற்றினார்கள். காரணத்தை வாசித்தபோது நான் முன்வரிசையில் நின்றேன். பகல் முழுவதும் வெயிலில் உட்கார வைத்திருந்ததில், சண்டு இல்லாமல் அவருக்கு மூக்கு ஒழுகியது, கை கால் உதறியது, உட்கார்ந்த இடத்திலேயே வயிறு போயிற்று. இந்த ஆளால் மண் சுமக்க முடியாது என்று மாலையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு ஏமாற்றந்தான். ஆனால் இரண்டு நாளில் அவரே என் வாசலுக்கு வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, நீதானே எழுதுனே?"

"நீங்க எழுதுனதையே எழுதுனேன். எங்க வீட்டுக்காரருக்கு அது பொய். உங்களுக்கு உண்மை."

பெயர் வெளிவந்ததிலிருந்து அவருக்குச் சண்டு கொடுக்க எல்லாரும் பயந்தார்கள். அந்தக் கிழவியிடம் ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டார். கசடு கிடைத்தாலும் போதுமாம். அவள் குடியிருந்த இடம் எனக்குத் தெரியும், நடந்தால் பத்து நிமிடம். தெரியாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

பிறகு தினமும் காலையில் அவர் வாசலுக்கு நேராகத் துணி உலர்த்தினேன். உலர்த்தத் துணி இல்லாத நாளிலும் அவர் படும் பாட்டைப் பார்க்கப் போய் நின்றேன். அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவர் செத்தார். உடலை எடுத்தபோது நான் வெளியே வரவில்லை.

ஜப்பான் சண்டை முடிந்து, சயாமிலிருந்து திரும்பிய ஒருவர் என்னைத் தேடி வந்தார். என் கணவர் முதல் வருடமே வாந்திபேதியில் போய்விட்டதாகவும், அங்கேயே மூங்கில் காட்டில் புதைத்ததாகவும் சொன்னார். வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு நேரே எதிர்வீட்டுக்குப் போனேன். எதிர்வீட்டுக்காரரின் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தார். செய்தியைச் சொன்னேன்.

"என் புருசன் செத்தப்ப நீ வரலையே."

"வரலைக்கா."

"இப்ப எதுக்கு வந்தே?"

"உங்க வீட்டுக்காரரு எழுதுனது எங்க போயி முடிஞ்சிச்சுன்னு உங்களுக்கும் தெரியணும்."

சட்டியில் அவர் கை சுற்றிக்கொண்டே இருந்தது. நான் தெருவைக் கடந்து வீட்டுக்கு வந்து, அன்றுதான் தாலியைக் கழற்றினேன்.