முன்னச்சும் பின்னச்சும்

ஓமானில் வண்டி ஓட்டுகிறவர்கள் மணலைக் கண்டதும் இறங்கி, நாலு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிடுகிறார்கள். வந்த புதிதில் எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. காற்று கொஞ்சம் குறைந்தாலே பாடாலூரில் பஞ்சர் கடை தேடி நிற்கும் ஊர்க்காரன் நான். காற்று இறங்கிய டயர் அகன்றுகொண்டு மணலில் புதையாமல் ஓடும் என்பது சில நாளில் புரிந்துவிட்டது. அச்சு விகிதம் புரியத்தான் ஆறு வருடமும் ஒரு மனிதரின் காலும் ஆயின.

நான் லெப்பைக்குடிகாட்டுக்காரன். ரெட்டிபாளையத்தில் லாரிப் பட்டறையில் வேலை கற்றேன். சுண்ணாம்புக்கல் ஏற்றும் அந்த லாரிகளுக்குப் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, எஞ்சின் பக்கமிருந்து வரும் தண்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதுதான் விகிதம். எண் கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும். பழைய அச்சு ஒன்றை மாட்டும்போது அந்த எண் மாறிப்போனால், டிரைவர் வந்து, "இழுவ கம்மியா இருக்கு பாய்" என்பார். அதோடு சரி. அந்த அலட்சியத்தையும் சேர்த்துத்தான் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

சாலிம் ஒட்டகம் வளர்ப்பவர், என்னைவிட இரண்டு வயது இளையவர். நாலு சக்கரமும் இழுக்கக்கூடிய அவருடைய போர்வீல் பிக்கப்பின் பின்னச்சு உடைந்தபோது, பழைய சாமான் கிடங்கிலிருந்து ஒன்றை எடுத்துவந்து மாட்டினேன். போல்ட்டெல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தன. தார்ச்சாலையில் நன்றாகவே ஓடியது, அங்கே போர்வீல் போடாமல் பின்சக்கரம் மட்டும்தானே இழுக்கிறது. இரண்டு வாரம் கழித்து வந்தார். இரண்டு முஷ்டியையும் ஒன்றோடொன்று மோதிக்காட்டி, "இத்னைன், மா யித்தஃபிகூன்" என்றார். இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். ஓதத் தெரிந்த அளவுக்கு அரபி பேசத் தெரியாத நான், அவருக்கும் அவர் அண்ணனுக்கும் ஏதோ சண்டை என்று நினைத்துக்கொண்டேன். "இன்ஷா அல்லாஹ், சரியாகும்" என்று சிரித்து, ஆயில் மாற்றி அனுப்பிவைத்தேன்.

நாலு சக்கரமும் இழுக்கும்போது முன்னச்சும் பின்னச்சும் ஒரே எண்ணில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று முந்தப் பார்க்கும், மற்றது பிடித்து நிறுத்தும். மணலில் டயர் வழுக்கிச் சமாளித்துவிடும். பாறையில் அதற்கு வழியில்லை. வறண்ட ஆற்றுக்கு மேலே ஒரு பாறை ஏற்றத்தில் தண்டு முறிந்து, பிரேக் குழாயையும் அறுத்துவிட்டது. வண்டி பின்னால் உருண்டு கவிழ்ந்தது. சாலிமின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இழுத்துவந்த வண்டியைப் பட்டறையில் தூக்கி நிறுத்தி, தண்டில் சாக்பீஸால் கோடு போட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன். முன்னச்சில் நாலு சுற்றுக்குக் கொஞ்சம் மேலே. பின்னச்சில் நாலைத் தொடவில்லை. மறுபடியும் எண்ணினேன். அதேதான்.

வீட்டுக்குப் போன் செய்து மனைவி நூர்ஜஹானிடம் சொன்னேன்.

"ஏங்க, சொன்னா உங்கள உள்ள வச்சிருவாங்கங்க" என்றாள்.

"சொல்லலேன்னா?"

"எனக்குத் தெரியலங்க" என்று அழுதாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். "அனா கல்தான்" என்றேன். தப்பு என்னுடையது. படுக்கை விரிப்பில் விரலால் இரண்டு வட்டம் வரைந்து காட்டினேன். சாலிம் என் கையைப் பிடித்துக்கொண்டு, அல்லாஹ் எழுதியது, நீ என்ன செய்வாய் என்றார். நான் ஆறுதல் சொல்ல வந்திருப்பதாக நினைத்துவிட்டார். அரபி நன்றாகப் பேசும் மலையாளி நர்ஸ் பக்கத்திலேயே நின்றாள். அவளை விட்டுச் சொல்லச் சொல்லியிருக்கலாம். நான் கேட்கவில்லை.

இப்போது லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். உடையார்பாளையத்தில் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் சின்னதுரையின் பிக்கப்பைப் பார்க்க, பழைய பட்டறைக் கூட்டாளி செல்வராசு கூப்பிட்டான். மாட்டுவதற்குத் திருச்சியிலிருந்து பின்னச்சு வந்திருந்தது. நான் எண்ண ஆரம்பித்தேன்.

"போல்ட் எல்லாம் கரெக்டா உக்காருது பாய், மாட்டிடுவோம். இங்க எவன் போர்வீல் போடப் போறான்?"

எண் ஒத்துவரவில்லை. "மாட்ட மாட்டேன். வேற கொண்டா" என்று கத்திவிட்டேன். செல்வராசு முகம் சுருங்கிப்போனான். சின்னதுரை மட்டும், "அவரு சொல்றபடி செய்ப்பா" என்றார்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பழைய அச்சைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சாலிம். செயற்கைக் கால் பொருத்தியாயிற்றாம், புது வண்டி வாங்கப் போகிறாராம். உன் கை மட்டும்தான் அதைத் தொட வேண்டும், எப்போது வருகிறாய் என்றார். வெளியே சின்னதுரை குனிந்து, "பாய், இங்கயே ஒரு பட்டறை போட்டு இருந்துடுங்களேன்" என்றார். என் தலை வண்டியின் இருட்டில் இருந்தது, கால்கள் உடையார்பாளையத்து வெயிலில் சுட்டுக்கொண்டிருந்தன. ஒருவருக்கு அரபியில், ஒருவருக்குத் தமிழில், இரண்டு பேருக்குமே "வரேன்" என்றேன்.