மாவு பொங்கினால்தான் கடை

பெங்காலிகள் ஊரான டாலிகஞ்சில் மெட்ரோவுக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் இட்லிக் கடை. கல்லாவில் கணவர், உள்ளே அடுப்படியில் நான். சாப்பிட வருகிறவர்கள் என்னைப் பார்ப்பதே அபூர்வம். எனக்கும் அதுதான் வசதி.

போன ஜனவரியில், சால்ட் லேக்கில் வேலை பார்க்கும் என் மகள் போனைக் கொண்டுவந்து காட்டினாள். யாரோ எங்கள் கடையைப் பற்றி எழுதியிருந்தார்கள். இட்லி அருமையாம், ஆனால் குளிர்காலத்தில் கடை ‘நொட்டோரியஸ்லி லேட்’டாம். நான் பத்தாவதோடு நின்றவள். பெரிய வார்த்தையாக இருக்கிறதே, பாராட்டுத்தான் என்று சிரித்தேன்.

“அம்மா, அது நல்லதுக்குச் சொல்ற வார்த்தை இல்ல. குறைக்குப் பேர் போனவங்கன்னு அர்த்தம். ஊருக்கே தெரிஞ்ச குறையா இருந்தாதான் அப்படிச் சொல்வாங்க.”

ஊருக்கே என்றதும் எனக்கு முகம் சுண்டிவிட்டது.

குறை உண்மைதான். இந்த ஊர்க் குளிரில் மாவு லேசில் பொங்காது. கம்பளி சுற்றி அடுப்போரம் வைப்பேன். ஏழு மணிக்குப் பொங்கினால் ஏழுக்குத் திறப்போம், ஒன்பதென்றால் ஒன்பது. சோடா உப்பு போட மாட்டேன் என்பது கடை வைத்த நாளிலிருந்து என் பிடிவாதம். ஒரு சிட்டிகை போட்டால் என்ன என்று கணவர் வருஷா வருஷம் கேட்பார்.

மறுநாள் போட்டேன். ஏழு மணிக்குச் சரியாகக் கடை திறந்தது. எதிர் மருந்துக் கடைக்காரர் தினமும் நான்கு இட்லி சாப்பிடுகிற பெங்காலிக்காரர். அன்று இரண்டோடு எழுந்து, அடுப்படி ஜன்னலில் குனிந்து தன் பாஷையில் கேட்டார்.

“பௌதி, உடம்பு சரியில்லையா?”

அண்ணி என்றுதான் என்னைக் கூப்பிடுவார். பொய் சொல்ல வாய் வரவில்லை. மெதுவாகச் சோடா விஷயத்தைச் சொன்னேன்.

“காத்திருக்கிறது நாங்க. அவசரம் உங்களுக்கா?” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

சாயங்காலம் மகளிடம் பதில் எழுதச் சொன்னேன். ஆமாம், நாங்கள் நொட்டோரியஸ்லி லேட்தான், மாவு பொங்கினால்தான் திறப்போம் என்று. அவள் சிரித்தாள். நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொண்டால் அந்த வார்த்தை குத்தாதாம். அவள் ஆபீசில் சிநேகிதர்கள் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கேலி செய்வார்களாம்.

அடுத்த நாள் திறக்க ஒன்பதேகால் ஆனது. மருந்துக் கடைக்காரர் எங்கள் படியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து நான்கு கேட்டார். பிறகு இன்னும் ஒன்று.