டில்லிக்குப் போன எங்கள் ஊர் ரயில்வே கேட்

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் எங்கள் ஊர் ரயில்வே கேட்டைப் பற்றி டில்லி சட்டசபையில் கேள்வி கேட்டார்கள் என்றால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. "ராஜபாளையத்துக் கேட்டையா? போங்கம்மா!" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அச்சடித்து வந்த தாளைக் கையில் வைத்துப் படித்தவள் நான்.

அப்போது நான் ஒரு மிஷன் தர்ம ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். ஊருக்கு ரயில் வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து யார் வந்தாலும் கேட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். ஸ்டேஷனில் பஞ்சுப் பொதி ஏற்றும் கூட்ஸ் பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கும்போது, கடைசிப் பெட்டிகள் ரோட்டை மறித்துக்கொண்டு நின்றுவிடும். செத்த நேரமா? ஒரு மணி, ஒன்றரை மணி. இரண்டு பக்கமும் மாட்டு வண்டிகள் வரிசையாக நிற்கும். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் வண்டிக்காரர்கள் மாட்டைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் பக்கத்திலிருந்து பருத்தி மில்லுக்கு வேலைக்கு வரும் பெண் ஒருத்தி. என்னை அக்கா என்பாள். முந்தின வருஷம் தலைப்பிரசவத்துக்கு வலி கண்டு வண்டியில் வந்தவள், பட்டப்பகலில் கேட்டில் மாட்டிக்கொண்டாள். நான் இந்தப் பக்கம் வெந்நீர் போட்டுவைத்துக் காத்திருக்கிறேன். அவள் அந்தப் பக்கம் வைக்கோல்மேல் கிடந்து துடிக்கிறாள். வண்டி வந்து சேர்ந்தபோது குழந்தை பிறந்திருந்தது. ஆண் குழந்தை. கழுத்தில் கொடி சுற்றி, நீலம் பாரித்து, மூச்சில்லாமல். அரை மணி முந்தி என் கைக்கு வந்திருந்தால் பிழைத்திருக்கும். எந்தக் கோர்ட்டில் கேட்டாலும் இதைச் சொல்வேன்.

மறு வருஷம் அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள். சித்திரையில் நாள். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தவள், "இந்தப் பிள்ளையும் அந்தக் கேட்டுலதான் கெடக்கணுமாக்கா?" என்று கேட்டாள்.

எங்கள் பகுதியின் டில்லி சட்டசபை மெம்பர் ஸ்ரீவில்லிபுத்தூர் பங்களாவில் வந்து தங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போனேன். கூட்ஸ் பெட்டிகளை ரோட்டை மறித்து நிறுத்தக் கூடாது என்று மனுவை நானே இங்கிலீஷில் எழுதியிருந்தேன். வாசலில் நின்ற சேவகன், "பொம்பளைக்கு இங்க என்ன சோலி?" என்றான். "உன்னைப் பெத்ததும் பொம்பளைதாம்லே, வழியை விடு" என்று உள்ளே போய்விட்டேன்.

மெம்பர் வக்கீல். மனுவை இரண்டு தடவை படித்தார். அந்தக் குழந்தையைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டார்.

"கேட்டுடுறேம்மா. கேட்டா, சர்க்கார் ரயில் கம்பெனியைக் கேட்பாங்க. கம்பெனி ஒரு ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்லும். அவர் எழுதுறதுதான் டில்லியில பதிலா வரும். அதனால வர்றவர்கிட்டே உள்ளதை உள்ளபடி சொல்லுங்க."

சரி ஐயா, சரி ஐயா என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஊர் முழுக்க இதைத்தான் பேசினேன்.

மாசி மாதம், கம்பெனி துரை வருகிறார் என்று தகவல் வந்தது. அவ்வளவுதான், ஊருக்குத் தலைகால் புரியவில்லை. நம் ஊர் கேட்டைப் பார்க்க ஒரு துரை வருகிறார் என்றால் சும்மாவா? எங்கள் தெருவில் தெலுங்கு பேசும் பெரிய சம்சாரி ஒருவர், ஏகப்பட்ட நிலம் உள்ளவர். ஊரில் அவர் சொன்னால் சொன்னதுதான். கேட்டின் இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டச் சொன்னார். மேளம் ஏற்பாடு செய்தார். ரோட்டில் புழுதி கிளம்பக் கூடாது என்று, அன்று காலையிலிருந்து ஒரு வண்டிகூடப் பூட்டக் கூடாது என்று சுற்றுக் கிராமங்களுக்கெல்லாம் ஆள் விட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் தன் பங்குக்கு, துரை கண்ணில் படக் கூடாதென்று கூட்ஸ் பெட்டிகளை அப்பால் தள்ளி வைத்தார். நான் மட்டும் என்ன கிழித்தேன்? நோயாளிகளை எல்லாம் நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன். வெளுத்த சேலை உடுத்திக்கொண்டு, சந்தனப் பேலாவைக் கையில் பிடித்துக்கொண்டு முதல் வரிசையில் நின்றேன்.

விருந்தாளி வருகிற இடத்தைத் துப்புரவாக வைப்போம், வந்தவர் முகம் கோணாமல் அனுப்புவோம். பிறந்ததிலிருந்து பழகியது இதுதான். அதில் தப்பு இருக்கும் என்று ஒருத்தர் மண்டைக்கும் எட்டவில்லை.

துரை வந்தார். மாலை போட்டோம். இளநீர் கொடுத்தோம். தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு, வெறிச்சோடிக் கிடந்த ரோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். நோட்டில் எழுதினார். அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் வீட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள், பாவி மகள்.

"சாமி, என் பிள்ளை இங்கனதான்..." என்று ஆரம்பித்தாள்.

எங்கள் தெருச் சம்சாரிப் பெரியவர் பதறிப்போய், தெலுங்கில், "வத்தம்மா, வத்து!" என்று கையை வீசினார். வேண்டாம் என்று அர்த்தம். அவளைப் பிடித்து இழுத்தது அவர் இல்லை. நான். அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்து, காதோடு காதாகச் சொன்னேன்: "ஏட்டி, வந்த மனுசன் இளநி குடிச்சிட்டு இருக்கையிலயா சாவைச் சொல்லுவாக? அதான் மனுவுல எழுதியிருக்கோம்லா. பேசாம இரு."

அவள் பேசாமல் இருந்தாள். என்மேல் அம்புட்டு நம்பிக்கை. துரை கால் மணி நேரம் இருந்தார். நேருக்கு நேர் நின்ற எங்களிடம், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று இங்கிலீஷில் கேட்டார். கூட்டத்தில் இங்கிலீஷ் தெரிந்த நான், வந்ததற்கு மிகவும் சந்தோஷம் என்றேன். கை தட்டினார்கள்.

பங்குனியில் மெம்பரிடமிருந்து தபால் வந்தது. சட்டசபையில் நடந்ததை அச்சடித்த தாள். அந்தக் கேட்டில் போக்குவரத்து மிகக் குறைவு என்று சர்க்கார் பதில் சொல்லியிருந்தார்கள். அதிகாரி நேரில் போனபோது ஒரு வண்டிகூட நிற்கவில்லையாம். ஊரார் மகிழ்ச்சியோடு வரவேற்றார்களாம், குறை எதுவும் சொல்லவில்லையாம். மெம்பர் விடவில்லை. அங்கே ஒரு குழந்தை இறந்தது சர்க்காருக்குத் தெரியுமா என்று எழுந்து கேட்டிருக்கிறார். தெரியாது என்று பதில். அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கே இடமில்லை என்று பதில். விடாமல் நெருக்கியதன்பேரில், ஒரு மாதத்துக்குக் கேட்டைத் தாண்டும் வண்டிகளை எண்ணச் சொல்கிறோம் என்று மட்டும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

கூடவே மெம்பர் கைப்பட ஒரு வரி எழுதியிருந்தார். துரை வந்த அன்று நீங்கள் எல்லோரும் எங்கே போயிருந்தீர்கள்?

எங்கேயும் போகவில்லை ஐயா, மேளத்தோடு அங்கேதான் நின்றோம். இதை எப்படி எழுதுவது? தாளைப் பெரியவரிடம் கொண்டுபோய் வாசித்துச் சொன்னேன். அந்த மனிதர் தலைப்பாகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "கேட்டை நம்மளே அடைச்சிட்டமே, நர்சம்மா" என்றார்.

அவளிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எம்பிள்ளை செத்தது தெரியாதுன்னா சொன்னாக?"

"ஆமா."

"நான் சொல்லத்தானக்கா வந்தேன்."

என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. வைகிறவளாக இருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசித் தீர்த்திருப்பேன்.

சித்திரை பிறந்ததும், பத்து நாள் முன்னாலேயே இந்தப் பக்கம் வந்து என் வீட்டில் இரு என்றேன். சரி, வெள்ளிக்கிழமை வாரேன் என்றாள். செவ்வாய்க்கிழமையே வலி எடுத்துவிட்டது.

மத்தியானம். கூட்ஸ் வண்டியைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்த ஒருவர், "நர்சம்மா, கேட்டுல நிக்கிது வண்டி, அந்தப் புள்ளை கத்துது" என்றார். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ரோட்டின் குறுக்கே அதே கூட்ஸ் பெட்டிகள். இந்தப் பக்கம் வண்டி வரிசை கடைத்தெரு வரைக்கும். கேட்காரர், "இப்ப போயிரும், இப்ப போயிரும்" என்கிறார். பெட்டிகளுக்கு அப்பால் அவள் குரல் கேட்கிறது. சுற்றிப் போக நேரமில்லை. பையை முதலில் தள்ளிவிட்டு, தரையில் படுத்து, பெட்டிக்கு அடியில் ஊர்ந்து போனேன். "இஞ்சின் எடுத்துட்டா சாவீகம்மா!" என்று பின்னால் யாரோ கத்தினார்கள். பயமாகத்தான் இருந்தது. ஆண்டவரே ஆண்டவரே என்று சொல்லிக்கொண்டே முழங்கை தேய அந்தப் பக்கம் வெளியே வந்தேன்.

தலை வந்துவிட்டது. இந்தத் தடவையும் கொடி கழுத்தில்தான். விரலை விட்டு நெகிழ்த்தித் தலை வழியே எடுத்தேன். வண்டிக்காரர்கள் துண்டை விரித்து மறைப்புக் கட்டிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். பெண் குழந்தை. ஒரு நிமிஷம் சத்தமில்லை. காலைப் பிடித்துத் தட்டினேன். அழுதது. அம்புட்டு பேரும் "அப்பாடா!" என்றார்கள். அவள் அழுதாள், நானும் அழுதேன்.

அதற்கப்புறம்தான் கூட்ஸ் நகர்ந்தது. கேட் திறந்தது. "முதல்ல நீங்க போங்க தாயி" என்று வண்டிக்காரர்கள் வழிவிட்டார்கள். அவள் மல்லாந்து கிடந்தபடியே, "இனி அங்க எதுக்கு? வீட்டுக்குத் திருப்புங்க" என்றாள். நானும் சரி என்றேன். பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் கோளாறு ஒன்றுமில்லை.

வண்டிகள் ஒவ்வொன்றாகக் கேட்டைத் தாண்டின. கேட்காரர் தன் குடிசை வாசலில் கரும்பலகை ஒன்றை மாட்டி, தாண்டுகிற வண்டிக்கு ஒவ்வொரு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தார். டில்லியில் ஒப்புக்கொண்ட ஒரு மாத எண்ணிக்கை.

"இந்த வண்டிக்குக் கோடு எங்கே?" என்று கேட்டேன்.

"அது திரும்பிட்டுல்லா நர்சம்மா? தாண்டுனாத்தான் கோடு போடணும்னு உத்தரவு."

ரத்தமும் மண்ணுமான கையோடு அவர் கையிலிருந்த சாக்கட்டியைப் பிடுங்கினேன். பலகையில் ஒரு கோடு கிழித்தேன்.

"இதை அழிச்சே, கையை ஒடிச்சிப்போடுவேன்" என்றேன்.

அவர் அழிக்கவில்லை.