டாக்டரம்மா கேட்ட கேள்வி

என் கணவருக்கு நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பராமரிக்கிற வேலை. ஷிப்ட் முழுக்கக் குனிந்தே நிற்க வேண்டும். நாற்பத்தைந்து வயதில் இடுப்பு போனது. கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் போனால் ரெஸ்ட் எழுதி உட்கார வைத்துவிடுவார்கள் என்று, டவுன்ஷிப்புக்கு வெளியே இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனார். அந்த டாக்டர் ஊசி போட்டு, வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். மறுநாளே இவர் ஷிப்டுக்குப் போனார். அன்றிலிருந்து அந்த டாக்டர்தான் இவருக்குத் தெய்வம்.

நான் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் மருந்துக்கடையில் நின்று அந்த மாத்திரையை அட்டை அட்டையாக வாங்கி வருவேன். டாக்டர் சீட்டைக் கடைக்காரர் கேட்டதே இல்லை. நானும் காட்டியதில்லை. வருடத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் ரத்தம் எடுத்து, ரிப்போர்ட்டில் டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். மூன்று வருடம் இப்படி ஓடியது.

ஒருநாள் காலை இவருடைய கால் ஷூவுக்குள் நுழையவில்லை. பாதம் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. கிளினிக்கில் காட்டினோம். “உப்பைக் குறைங்க, சரியாப் போயிடும்” என்றார் டாக்டர். இரண்டு வாரத்தில் வாந்தி ஆரம்பித்தது. வேறோர் இடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிட்னி பாதிக்கு மேல் கெட்டிருக்கிறது, அதற்கென்று படித்த டாக்டரை உடனே பாருங்கள் என்றார்கள்.

அதற்கென்று படித்தவர் யார், எங்கே இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் பிளாக்கில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். எதிர் குவார்ட்டர்ஸ்காரர் வாழைத்தண்டுச் சாறு கொடுக்கச் சொன்னார். பத்து நாள் வடிகட்டிக் கொடுத்தேன். அது கிட்னிக் கல்லுக்குச் சொல்கிற வைத்தியம், இவர் நிலைமைக்கு ஆகவே ஆகாது என்று பிறகு தெரிந்தபோது மிக்ஸியைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது.

கடைசியில் கடலூருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து போகிற நிபுணர் ஒருவர் இருப்பதாகத் தெரிந்தது. டோக்கன் வாங்கி நாலு மணி நேரம் உட்கார்ந்தோம். உள்ளே போனதும் அவர் ரிப்போர்ட்டை மட்டும்தான் பார்த்தார். இவர் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை.

“டயாலிசிஸுக்கு மனசைத் தயார் பண்ணிக்கோங்க. அடுத்த மாசம் வாங்க.”

“சார், இது எதனால வந்துச்சு?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் இப்பத் தெரிஞ்சு என்னம்மா பண்ணப் போறீங்க?” என்றபடி மணியை அடித்தார். அடுத்த ஆள் உள்ளே வந்து என் தோளை இடித்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அழுகை இல்லை, ஆத்திரம். பக்கத்தில் பண்ருட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, அவளும் கணவரைக் கூட்டி வந்திருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

“அக்கா, நானும் ஆறு மாசமா இங்கதான் வந்துகினு இருக்கேன். ஒரு வார்த்த வெவரமா சொல்ல மாட்டாரு. புதுச்சேரியில ஒரு டாக்டரம்மா இருக்காங்களாம். கேட்டாக்க பதில் சொல்வாங்கன்னு எங்க ஊட்டாண்ட இருக்கறவங்க சொன்னாங்க. எங்களால அவ்ளோ தூரம் போக முடியல. நீங்க போங்க.” தன் செல்போனில் இருந்த நம்பரை என் கையிலேயே பேனாவால் எழுதிவிட்டாள்.

அந்த வாரமே புதுச்சேரி போனோம். டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். இவரை உட்கார வைத்து, கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

“வலிக்கு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?”

இவர் தயங்கித் தயங்கிப் பெயரைச் சொன்னார்.

“எத்தனை வருஷமா?”

“மூணு வருஷமாங்க. ஒரு நாளைக்கு ரெண்டு. வெயில் காலத்துல மூணு.”

“யார் வாங்கித் தந்தது?”

“நான்தான்” என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. “பழைய ரிப்போர்ட் இருந்தா குடுங்கம்மா” என்றார். கிளினிக்கில் வருடா வருடம் எடுத்தவற்றைப் பையில் வைத்திருந்தேன். மூன்றையும் மேசையில் வரிசையாகப் பரப்பினார். கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் என்ற வரியில் விரலை வைத்துக் காட்டினார். முதல் வருடமே அளவு தாண்டி, எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி. இரண்டாம் வருடம் இன்னும் கூடுதல். மூன்றாம் வருடம் அதற்கும் மேல். மூன்று தாளிலும் அந்த எண்ணின் மேலேயே நீல மையில் ஒரு டிக், கீழே கிளினிக் டாக்டரின் கையெழுத்து.

“பார்த்துட்டுத்தான் டிக் போட்டிருக்காரு” என்றார் டாக்டரம்மா. அவர் குரல் மாறியிருந்தது. “அப்பவே இந்த மாத்திரையை நிறுத்தியிருந்தா, இவ்வளவு தூரம் வந்திருக்காது.”

மறுநாள் லீவு போட்டுவிட்டு அந்தக் கிளினிக்குக்கு நான் மட்டும் போனேன். மூன்று தாளையும் அவர் முன்னால் வைத்தேன்.

“இது என்ன டாக்டர்?”

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. “லேசாத்தான் கூடியிருந்துச்சு. நீங்களும் டீச்சர்தானே, ரிப்போர்ட்டைப் பார்த்திருக்கலாமே. அப்பவே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

“பிள்ளைங்க தப்பாப் போட்ட கணக்குக்கு நான் டிக் போட்டு அனுப்பினா, கேக்காதது பிள்ளைங்க தப்பா?”

“சத்தம் போடாதீங்கம்மா, வெளிய பேஷண்ட்ஸ் இருக்காங்க.”

“அவங்களுக்கும் கேக்கட்டும்” என்றேன். கேட்டிருக்கும். ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை. ஊசிக்கு வந்தவர்கள், ஊசி போட்டுக்கொண்டுதான் போனார்கள். மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதி அனுப்பினேன். கிடைத்தது என்று ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

டாக்டரம்மா சொன்னபடி வலி மாத்திரையை அடியோடு நிறுத்தினோம். இவருக்கு லைட் டூட்டி கொடுத்தார்கள். கிட்னிக்கு ஆகாத பொட்டாசியம் போவதற்காகக் காய்கறியை வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வேகவைக்கிறேன். பண்ருட்டிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, பலாச்சுளை ஒன்றுகூட வீட்டுக்குள் வருவதில்லை. ஒன்றரை வருடமாகிறது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டரம்மா. இதுவரை காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம். டயாலிசிஸ் இன்னும் வரவில்லை.

போன மாதம் பஜாரில் அந்தக் கிளினிக் டாக்டர் எதிரே வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இவர் நின்று, இரண்டு கையையும் கூப்பி, “வணக்கம் சார்” என்றார்.

“அந்த ஆளுக்கு எதுக்குங்க கும்பிடு?” என்று கேட்டேன்.

“என்ன இருந்தாலும் அவரு ஊசி போட்டதாலதானே நான் வேலைக்குப் போனேன்” என்றார்.

அன்று முழுக்க நான் இவரோடு பேசவில்லை. மாலை வந்ததும் இவருக்கான காயை நறுக்கி, உப்பில்லாமல் அடுப்பில் வைத்தேன்.