லொறிக் கூலியில் யானை சேராது

நேற்றுக் காலை கிளிநொச்சியில் வீதியைக் கடக்க நின்றபோது, ஆனையிறவுப் பக்கமிருந்து வந்த லொறி ஒன்று என் முன்னால் வேகத்தைக் குறைத்தது. பின்கதவு இடுக்கால் உப்புத் தண்ணீர் சொட்டியது. சப்பாத்து நனையாமல் விலகி நின்றேன். ஆனால் அந்த மணம், ஈரச் சாக்கும் கடற்சேறும் கலந்தது, என்னை ஒட்டுசுட்டானுக்குக் கொண்டுபோய்விட்டது.

போர் முடிந்து மீள்குடியேறிய புதிதில் அங்கே லொறி பிடித்துக் கொடுப்பது என் தொழில். நெல்லுக்காரருக்கும் சாரதிக்கும் நடுவே இருந்து கூலி பேசித் தீர்க்கவேண்டும். அலுவலகம் என்று சொல்ல, சந்தித் தேத்தண்ணிக் கடையின் நீட்டு மர வாங்கு ஒன்றுதான். அதைத் துடைத்துவிட்டுத்தான் தினமும் உட்காருவேன். சாரதிமாருக்கு அது நல்ல பகிடி.

கூலி தூரத்தைப் பொறுத்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் முதல் கிழமை அப்படித்தான் நினைத்தேன். தூரம் எல்லோருக்கும் தெரியும். அதில் பேச ஒன்றுமில்லை. பேச்செல்லாம் திரும்பி வரும் பயணத்தைப் பற்றியது. வவுனியா ஆலையில் நெல்லை இறக்கிய லொறி வெறுமையாகத் திரும்பினால், அந்த டீசலும் நெல்லுக்காரர் தலையில். திரும்பும்போது ஏதாவது ஏற்றக் கிடைத்தால் கூலி இறங்கும். பாதைச் சேறு, மூட்டையின் ஈரம், ஆலை வாசலில் காத்துக் கிடப்பது, எல்லாம் கணக்கில் வரும். யானை மட்டும் கணக்கில் வராது. வீட்டில் நெல் இருந்தால் மணம் பிடித்து வந்து சுவரை இடிக்கும் என்பது ஊரறிந்த விஷயம். அந்தப் பயத்தைக் காட்டி யாரும் கூலி கூட்டுவதில்லை. அப்படி ஒரு வழக்கம் இருந்தது.

ஒரு பின்னேரம் பாக்கியம் அக்கா வந்தா. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவவின் நெல் முழுவதும் மூட்டையாக வீட்டுக்குள் இருந்தது. முந்தினநாள் யானை வந்து அடுத்த வீட்டில் சமைக்கிற குசினியை இடித்திருந்தது. சந்தியில் நின்ற லொறிகள் இரண்டு. ஒன்றுக்கு டயர் வெடித்திருந்தது. மற்றது நடராசா அண்ணையுடையது. அதுவும் காலையில் உப்பு ஏற்றி இறக்கியது. மூட்டை அடுக்கும் லொறித் தட்டு இன்னும் ஈரம். உப்பு ஈரம் பட்ட நெல்லுக்கு ஆலையில் விலை குறைப்பார்கள்.

வெறுமையாகத் திரும்பவேண்டும் என்று அண்ணை முழுக்கூலி சொன்னார். தட்டு ஈரத்தைச் சொல்லிக் குறைக்கலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் அக்கா அவசரப்பட்டுவிட்டா.

"அண்ணே, இன்னைக்கு அது எங்க வீட்டுக்குத்தான் வரும். கேட்டதுக்கு மேலயும் தர்றேன், ஏத்திருங்க."

டயர் வெடித்த சாரதி சிரித்தார். "அடிச்சுது யோகம், நடராசா. இனி நீ சொல்லுறதுதான் விலை."

அக்கா விளைவித்ததில் பாதி அந்த ஒரு வார்த்தையில் போய்விடும்.

அண்ணை தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு, "தங்கச்சி, உங்கட ஒழுங்கையில ஆருக்கும் வவுனியாவில இருந்து சாமான் ஏத்த இருக்கோ? கேட்டுக்கொண்டு வாங்கோ," என்றார்.

அக்கா சைக்கிளில் போய் வீடு வீடாகக் கேட்டு வந்தா. குசினி இடிந்த வீட்டுக்குத் தகரம், இன்னும் இரண்டு வீட்டுக்கு வயலில் போடும் பசளை. திரும்பும் சுமை அகப்பட்டது. அதை வைத்துக் கூலியைப் புதிதாகப் பேசினேன், நன்றாகவே இறங்கியது. ஈரத் தட்டில் வைக்கோல் பரப்பி, மேலே தறப்பாள் விரித்து, இருட்டுவதற்கு முன் மூட்டைகளை ஏற்றி முடித்தோம்.

புறப்படும் நேரம் அண்ணையிடம் மெல்லக் கேட்டேன், அக்கா யானையைப் பற்றிச் சொன்னது கேட்கவில்லையா என்று.

"என்ன யானை? இவ்வளவு காலம் எஞ்சினோட இருந்து எனக்குக் காது மந்தமடாப்பா," என்றார்.

நடராசா அண்ணை இப்போது இல்லை. கடை இருந்த இடத்தில் தொலைபேசி திருத்துகிறார்கள். லொறி பிடிக்க இன்று யாரிடம் பேசினாலும் முதற்கேள்வி, "எப்ப வேணும்?" என்பதுதான். இன்றைக்கே என்றால் அதற்குக் கூடுதல் கூலி. ஒட்டுசுட்டானில் யானைகள் இன்னும் நெல்லைத் தேடி வருகின்றன. எங்கள் அவசரம் காதில் விழாத சாரதிமார்தான் இல்லாமல் போய்விட்டார்கள்.