ஊட்டிப் பனியும் கப்பல் செய்தியும்

1968 ஜனவரி 9, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். குளியல், இரண்டு இட்லி, ஆபீஸ். மாலை ஐந்தரைக்கு, இந்தத் தீவில் நான் குடியிருக்கும் லம்பா லைன் வீடு திரும்பி, ரேடியோவைத் திருப்பினேன். வானிலையை டைரியில் குறிப்பது என் வழக்கம்.

கடலுக்கு அப்பால், மெயின்லேண்ட் செய்தியில் சொன்னார்கள் — நீலகிரியில் அடுத்த சில நாட்களுக்குக் கடும் உறைபனி. பயிர்களை மூடி வையுங்கள்.

"நமக்கு இங்கே வேர்த்துக் கொட்டுது. ஊட்டிப் பனி உங்களுக்கு எதுக்குங்க?" என்று சிரித்தாள் மனைவி.

எனக்கல்ல, மாரியப்பனுக்கு! ஊட்டிக்காரர். இங்கே சிப்பிகாட் பண்ணையில் மாலி, அதாவது தோட்டக்காரர் வேலை. மனைவி ருக்மணியும் இரண்டு பெண் குழந்தைகளும் ஊரில், ஒரு குத்தகை உருளைக்கிழங்குத் தோட்டத்தோடு. கிழங்கு எடுத்ததும் நிலத்தை ஒப்படைத்துவிட்டு, கப்பலேறி இவரிடம் வருவதாக ஏற்பாடு. மூன்று வருடப் பிரிவு அதோடு முடியும்.

"பனின்னு ரேடியோல சொன்னா எனக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்க சார். தந்தி அடிச்சிடுவேன். சாயங்காலமே தழை போட்டு மூடிட்டா பயிர் தப்பிச்சிடும்" என்று கேட்டிருந்தார். சொல்லியனுப்புவது பெரிய காரியமா என்ன? காலை சிப்பிகாட் பஸ் டிரைவரிடம் ஒரு வாக்கியம். அவ்வளவுதான்.

குறித்துக்கொண்டேன். உடனே உள்ளூர் ஸ்டேஷனுக்குத் திருப்பினேன் — மறுநாள் காலை ஏழு மணிக்குக் கப்பல்!

கப்பல் வருகிறதென்றால் இந்தத் தீவில் யாருக்குத்தான் வேறு நினைவிருக்கும்? கடிதம், வெங்காயம், ஒரு கட்டுப் பழைய பேப்பர்... விடியும்போதே கப்பல்துறையில் நின்றேன். சிப்பிகாட் பஸ், நான் செய்தி சொல்லாமலே போய்விட்டது. அன்று மட்டுமல்ல, அதற்கடுத்த நாளும்.

மூன்று வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, மாரியப்பன் கடிதத்தோடு வந்தார். வியாழன் ராத்திரி விழுந்த பனியில் செடி முழுக்கக் கருகிவிட்டதாம். நிலத்துக்காரர் விடவில்லை. மறுபடி விதைத்து, கிழங்கு எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் ருக்மணி கிளம்ப முடியும்.

"சின்னவளுக்கு என் முகமே தெரியாது சார். சரி... கோயி பாத் நஹி, பரவாயில்லை. ரேடியோலயே சொல்லலையே, நீங்க என்ன பண்ணுவீங்க?"

"டீ சாப்பிடுங்க" என்றேன். குடித்துவிட்டு மாலை பஸ்ஸில் போனார்.

எத்தனை சரியாக எழுதிவைத்தாலும், போய்ச் சொல்லாத செய்தி யாருக்கு உதவும்?

மறுநாள் காலை, முதல் வேலையாக, சிப்பிகாட் பஸ் ஏறினேன். கத்தரிப் பாத்தியில் நின்றிருந்தார்.

"ரேடியோல சொன்னாங்க, மாரியப்பன். நான்தான் உங்களுக்குச் சொல்லலை."

மண்வெட்டியைக் கீழே வைத்தார். "என்னிக்கு சார்?"

"செவ்வாய்க்கிழமை."

விரல் விட்டு எண்ணினார்.

"ரெண்டு நாள் இருந்திருக்கே சார்."