கழுத்துக்கு நோக்குகூலி

அன்று மட்டாஞ்சேரியில் அந்தச் சுக்குக் கிடங்கின் மாடியில் இருந்தவர்கள் நான்கு பேர்: நௌஷாத், சாபு, நான், யாரும் கூப்பிடாமல் வந்த என் அத்தா. இல்லாதவன் அன்சார். விரலில் சுற்றும் டேப் வாங்க பிராட்வே கடைத்தெருவுக்குப் போயிருந்தான். எங்கள் கூட்டத்தில் ஜியூ-ஜிட்சுவை மாஸ்டரிடம் முறையாகப் படித்தவன் அவன் ஒருவன்தான். மற்ற மூவரும் அவனிடம் ஓசியில் படித்தவர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சலூனில் இது நினைவுக்கு வந்தது. முடி வெட்டும் சேட்டன் வெள்ளைத் துணியை என் கழுத்தில் சுற்றி முடிச்சை இறுக்கினார். என்னைக் கேட்காமலே என் வலது கை நாற்காலியில் மூன்று முறை தட்டியது. "எந்து பற்றி மோனே?" என்று, என்ன ஆச்சோ எனப் பதறிப்போய் அவிழ்த்துவிட்டார். எட்டு வருஷமாகிறது. நான் மறந்தாலும் கழுத்து மறக்கவில்லை.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் அடி, குத்து கிடையாது. கட்டிப் புரண்டு எதிராளியின் கழுத்தையோ கை மூட்டையோ இறுக்க வேண்டும். தாங்க முடியாதவன் தட்டுவான். தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் வேதம்.

பிடிகளின் ஜப்பான் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. நான் படிக்கிற பையன் அல்லவா, ஒரு நோட்டுப் போட்டு எல்லாவற்றுக்கும் தமிழில் பெயர் வைத்தேன். அதை மலையாள எழுத்தில்தான் எழுதினேன், எனக்குக் கை ஓடுவது அதில்தான். எதிராளியின் தலையை அக்குளில் செருகி நெரிப்பது 'கக்கத்துக் குடை'. இதுதான் என் செல்லப் பிடி. மழைக்காலத்தில் பஸ்ஸில் குடையை இடுக்கிப் பழகியவனுக்குத் தனிப் பயிற்சி வேண்டியதில்லை. கையை நீட்டி மடக்குவது 'முருங்கைக்காய்'. முதுகில் தொற்றிக்கொண்டு பின்னாலிருந்து கழுத்தை இறுக்குவது 'உப்புமூட்டை', அது நௌஷாதின் சொத்து. சாபுவின் பிடிக்கு மட்டும் பெயர் வைக்க முடியவில்லை. அவன் வந்து மேலே படுத்துக்கொள்வான். தொண்ணூற்றெட்டு கிலோ. தட்டக்கூடக் கை வெளியே வராது.

உப்புமூட்டையில் மாட்டினால் மூச்சில் கடைசியாக ஏறுவது சுக்குப் பொடி. இப்போதும் இருமலுக்கு அம்மா சுக்குக் காப்பி கொண்டுவந்தால் என் தாடை தானாக நெஞ்சில் இறங்கி ஒட்டிக்கொள்ளும். சுக்கோடு இறால் வாடையும் உண்டு. எங்கள் விரிப்பு, தோப்பும்படியில் ஒரு மீன் கிடங்கு கழித்துப்போட்ட ரப்பர். அதைச் சாபுவின் மாமா வண்டியில் கொண்டுவந்து நாங்கள் நால்வரும் மாடிக்குத் தூக்கியபோது, கீழே நீலச் சட்டையில், மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் ஐந்து பேர் கைகட்டி நின்றார்கள். சுமையை நாமே இறக்கினாலும், அவர்கள் பார்த்து நின்றதற்குக் கூலி தர வேண்டும். அதற்கு நோக்குகூலி என்று பெயர். ஐவரில் ஒருவர் என் அத்தா.

"அத்தா, நான் உங்க மவன்."

"வீட்டுல. இங்க நீ பார்ட்டி. எடு அம்பது."

எடுத்தேன்.

அத்தா அன்று மாடி ஏறி வந்ததற்குக் காரணம் ஒரு தாள். திருப்பூணித்துறையில் நடக்கும் போட்டிக்கு, பதினெட்டு நிறையாதவன் தகப்பனிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஆங்கிலத்தில் இருந்ததை நான் படித்துச் சொன்னேன். 'காயத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற வரியில் நிறுத்தச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் கண்ட முதல் கழுத்து என்னுடையது.

"இந்தக் கழுத்து மேல சாக்கு ஏறக்கூடாதுன்னுதானே படிக்க வுட்டேன். நீ என்னடான்னா அதக் கொண்டுபோயி எவனோ ஒருத்தன் கக்கத்துல குடுக்குற. நேர்ல பாக்காம கையெழுத்து இல்ல."

வந்தார். தோளில் கிடந்த தோர்த்துத் துண்டை உதறிப் போட்டுச் சுக்கு மூட்டை மேல் உட்கார்ந்தார். "காட்டு."

குடை காட்டினேன், முருங்கைக்காய் காட்டினேன். சாபு சும்மா படுத்துக் காட்டினான்.

"எவன் தோத்தான்னு எப்பிடி அறியும்?"

"தோத்தவன் தட்டுவான் அத்தா. தட்டினா வுட்டுருவான்."

"கழுத்து கையில கெடச்சவன் வுடுவானாடா? ஆரு கிட்ட கத சொல்லுற?"

அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. நௌஷாதை உப்புமூட்டை போடச் சொன்னேன். அவன் ஏறினான். இறுக்கினான். தட்டிக் காட்டுவதுதான் திட்டம். ஆனால் எதிரே அத்தா. எண்பது கிலோ மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பீடி பற்றவைக்கிற மனுஷன் முன்னால் நான் எப்படித் தட்டுவது? இன்னும் கொஞ்சம் என்றேன். இன்னும் கொஞ்சம்.

அன்சாரின் வேலையே இந்த நேரத்தில்தான். முதுகில் இருப்பவனுக்குப் பிடிபட்டவனின் முகம் தெரியாது, ஒருவன் எதிரே நின்று முகத்தையே பார்க்க வேண்டும் என்பான், பார்ப்பான். அவன் பிராட்வேயில் டேப் விலை பேசிக்கொண்டிருந்தான். சாபு ஜன்னல் வழியாகப் படகு பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். டீச்சர் பெயர் கூப்பிட்டு ஹாஜர் எடுத்தார்.

"ஹாஜர் டீச்சர்!" என்று கத்திக்கொண்டே எழுந்தேன். நௌஷாத் அழுகிற மாதிரி நின்றான். அத்தா விரிப்பின் மேல் முட்டி போட்டிருந்தார், உள்ளங்கையெல்லாம் சுக்குப் பொடி.

நடந்ததைச் சாபு சொன்னான். என் கண் செருகியதை முதலில் கண்டவர் அத்தாதான். வாழ்நாள் முழுக்கக் கூலி வாங்கிக்கொண்டு பார்த்து நின்ற கண் அல்லவா! மூட்டையிலிருந்து பாய்ந்து வந்து விரிப்பில் தட்டினாராம். மூன்று தட்டு இல்லை, முப்பது. நௌஷாத் முதல் தட்டிலேயே விட்டுவிட்டான்.

அத்தா தண்ணீர் கொடுத்தார். என் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நௌஷாதைப் பார்த்தார்.

"தட்டினா வுடுறாண்டா. கொள்ளாம், நல்ல ஆட்டம்தான்." என்னிடம் திரும்பினார். "ஒனக்குத்தான் தட்டத் தெரியல. அதப் படிச்சிட்டுப் போ. தாளை எடு."

வங்கிக்காகப் படித்த மூன்று தமிழ் எழுத்தைச் சுக்குக் கையோடு போட்டார். எழுந்து தோர்த்தை உதறினார்.

"அப்ப என் கூலி?"

"நோக்குகூலியா அத்தா?"

"பாத்து நின்னாத்தான் நோக்குகூலி. நான் எறங்கி வேல செஞ்சேன்ல? முழுக் கூலி."

திருப்பூணித்துறையில் முதல் சுற்றிலேயே ஒரு நிமிஷத்தில் தோற்றேன், அதுவும் கக்கத்துக் குடையில். வீட்டுக்கு வந்ததும் அத்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நீயே தட்டினியா?"

"நானே தட்டினேன்."

"மதி. அது போதும்."

அந்த மாடியில் இப்போது காப்பிக் கடை. நான் தூங்கிய இடத்தில் பிரம்பு நாற்காலி போட்டு வெளிநாட்டுக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நோக்குகூலியைச் சர்க்கார் தடை செய்துவிட்டது. சுக்கு லாரி அந்தத் தெருவுக்கு வருவதில்லை. அத்தாவின் நீலச் சட்டையால் அம்மா மிக்சி துடைக்கிறாள். அந்த இறால் வாடை விரிப்பு என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. பூனைகளுக்குத் தெரிந்திருக்கலாம்.

அன்றைய முழுக் கூலியைக் கீழே சாயாக்கடையில் மூன்று பேரும் பையைத் தடவிச் சேர்த்துக் கொடுத்தோம். நாலு சாயா, அஞ்சு பழம்பொரி. அத்தாவுக்கு இரண்டு. மொத்தம் தொண்ணூறு ரூபாய்.